முத்தை அரைத்துப் பூசினால் முத்து மினுமினுப்பு ஏன் வருவதில்லை?

கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். சிப்பி ஓட்டையும் விலைபோகாத சில முத்துகளையும் மாவாக அரைத்து, நிறமில்லாத வார்னிஷில் கலந்து மர மணிகள் மேல் பூசியிருக்கிறீர்கள். மின்னும் என்று காத்திருந்தால் மங்கலான, அழுக்கேறிய வெள்ளைப் பூச்சுதான் கிடைத்திருக்கிறது. முத்துக்குப் பளபளப்பைக் கொடுக்கும் ரசாயனம் எது, அதை எப்படிப் பிரித்தெடுத்துப் பூச்சில் சேர்ப்பது என்று கேட்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. முத்தின் ஒளி அதன் பொருளிலிருந்து வருகிறதா, அந்தப் பொருள் அடுக்கப்பட்டிருக்கும் விதத்திலிருந்து வருகிறதா? அடுக்கிலிருந்துதான் வருகிறது. அரைத்தபோது அழிந்தது அந்த அடுக்குதான். நான் வேதியியல் படித்து, பூச்சு நிறமிகளோடு பல வருடம் ஆய்வகத்தில் வேலை செய்தவன். மணிகளுக்குப் பூச்சு போடுவது ஆசைக்காகச் செய்துவருவது. அந்த இரண்டையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் முத்தில் இருப்பது என்ன என்று பார்ப்போம். எடையில் 90 சதவீதத்துக்கும் மேலே கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல்லும் முட்டை ஓடும் இதே பொருள்தான். ஆனால் அவற்றில் கால்சைட் என்ற படிக வடிவம் இருக்கிறது, முத்தில் அரகோனைட் என்ற வடிவம். அணுக்கள் ஒன்றே, அவை அமர்ந்திருக்கும் ஒழுங்கு வேறு. மீதியில் பெரும்பகுதி, சிப்பி சுரக்கும் புரதங்களும் கைட்டின் என்ற பொருளும் சேர்ந்த மெல்லிய சவ்வு. கொஞ்சம் தண்ணீரும் உண்டு. ஆக, முத்துக்கென்று தனியான மினுமினுப்பு ரசாயனம் எதுவும் கிடையாது. பிரித்தெடுப்பதற்கும் ஒன்றுமில்லை.

விஷயம் இனிமேல்தான் இருக்கிறது. அரகோனைட் சின்னச் சின்னப் பலகைகளாகப் படிகிறது. ஒரு பலகையின் தடிமன் சுமார் அரை மைக்ரான் (மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்), அகலம் ஐந்து முதல் பத்து மைக்ரான் வரை. ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் இப்படி நூறுக்கும் மேற்பட்ட பலகைகளை அடுக்கிவிடலாம். பலகைக்கும் பலகைக்கும் நடுவே அந்தப் புரதச் சவ்வு, சில பத்து நானோமீட்டர் தடிமனில் (மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கு நானோமீட்டர்). செங்கல்லும் சாந்தும் வைத்துக் கட்டிய சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள முத்துப்படலத்தில் ஏறத்தாழ இரண்டாயிரம் வரிசை செங்கல் இருக்கும். அந்தச் சுவரை இடித்துத் தூளாக்கிவிட்டு, தூளை அள்ளிப் பூசினால் சுவர் வந்துவிடாது.

இந்த அடுக்கில் ஒளி விழும்போது, பலகையும் சவ்வும் சந்திக்கும் ஒவ்வொரு எல்லையிலும் அதில் மிகச் சிறிய பங்கு திரும்பி வருகிறது. ஒரு எல்லையில் திரும்புவது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. மீதி உள்ளே போய் அடுத்த எல்லையில் கொஞ்சம், அதற்கடுத்ததில் கொஞ்சம் என்று திரும்பிக்கொண்டே இருக்கும். இப்படி நூற்றுக்கணக்கான ஆழங்களிலிருந்து வரும் ஒளி ஒன்றுசேர்ந்துதான் நம் கண்ணுக்கு, மேற்பரப்பில் இல்லாமல் உள்ளிருந்து வரும் வெளிச்சமாகத் தெரிகிறது. உலோகம் மேற்பரப்பிலேயே ஒளியைத் திருப்பிவிடுகிறது, அதனால் அதில் ஆழம் இல்லை. சுண்ணாம்பு எல்லாப் பக்கமும் சிதறடிக்கிறது, அதனால் அதில் பளபளப்பு இல்லை. முத்து இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கைவினையில் முத்துப் பூச்சு செய்கிறவர்கள் எதைப் பயன்படுத்தினாலும் இந்த நடுநிலையைத்தான் தேடுகிறார்கள்.

முத்தில் தெரியும் வானவில் சாயல் இன்னொரு விஷயம். பலகைகளின் தடிமன் ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடும் அளவில் இருப்பதால், அடுத்தடுத்த அடுக்குகளிலிருந்து வரும் அலைகள் சில நிறங்களில் ஒன்றையொன்று வலுப்படுத்தும், சில நிறங்களில் அழித்துக்கொள்ளும். இது குறுக்கீட்டு விளைவு. இதோடு, மேற்பரப்பில் பலகைகளின் விளிம்புகள் நுண்ணிய வரிகளாக நிற்பதால், அந்த வரிகளில் பட்டு ஒளி நிறங்களாகப் பிரியும் விளிம்பு விளைவும் சேர்கிறது. ஸ்காட்லாந்து இயற்பியலாளர் டேவிட் புரூஸ்டர் 1814இல் எழுதிய கட்டுரையில் அழகான சோதனை ஒன்று இருக்கிறது. சிப்பியின் உட்பரப்பை மெழுகில் அழுத்தி எடுத்தார், அந்த நிறங்கள் மெழுகிலும் தெரிந்தன. மெழுகுக்கு அந்த நிறமில்லை, பரப்பின் வடிவம்தான் நிறத்தைக் கொண்டுபோனது. இந்த இரண்டு விளைவுகளும் இருக்கின்றன என்பது உறுதி. எது எவ்வளவு பங்கு என்பது சிப்பிக்குச் சிப்பி மாறும், எல்லா முத்துக்கும் ஒரே கணக்குச் சொல்ல முடியாது. முத்தின் அடிநிறம், அதாவது இளஞ்சிவப்பு, கருமை, பொன்னிறம் போன்றவை, பெரும்பாலும் சவ்விலும் படலத்திலும் உள்ள நிறமிகளால் வருகிறது. அதையும் வானவில் சாயலையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சந்தேகமாகவே இருக்கும் இடத்தையும் சொல்லிவிட வேண்டும். சாதாரண வெப்பத்தில் கால்சைட்தான் அதிக நிலைத்தன்மை உள்ள வடிவம். அப்படியிருக்க, சிப்பி எப்படி அரகோனைட்டையே இவ்வளவு ஒழுங்காக, இவ்வளவு சீரான தடிமனில் படியவைக்கிறது? சில குறிப்பிட்ட புரதங்கள் இதை நடத்துகின்றன என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஒவ்வொரு படியும் எப்படி நடக்கிறது என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து வரவில்லை. அதனால் 'வீட்டிலேயே ரசாயன முறையில் முத்துப்படலம் வளர்க்கலாம்' என்று யாராவது சொன்னால் நம்பிப் பணம் செலவு பண்ணாதீர்கள். ஆய்வகத்தில் அதற்கு நெருக்கமானவற்றைச் செய்திருக்கிறார்கள். அது மேசை மேல் வைத்துச் செய்கிற கைவேலை இல்லை.

உங்கள் பூச்சு ஏன் வெறுமனே வெள்ளையாகக்கூட வராமல் மங்கியது என்பதற்கும் காரணம் உண்டு. ஒரு பொருள் ஒளியை எவ்வளவு திருப்பும் என்பது, அதன் ஒளிவிலகல் எண்ணுக்கும் (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைக் காட்டும் எண்) சுற்றியுள்ள ஊடகத்தின் எண்ணுக்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்தது. காற்றுக்கு 1. வார்னிஷுக்கும் ரெசினுக்கும் சுமார் 1.5. அரகோனைட்டுக்குத் திசையைப் பொறுத்து 1.53 முதல் 1.68 வரை. தூள் காற்றில் இருக்கும்போது இடைவெளி அதிகம், அதனால் வெள்ளை வெளேரென்று தெரியும். வார்னிஷில் நனைந்ததும் இடைவெளி கிட்டத்தட்ட மறைந்துவிடுகிறது. பாதி கண்ணாடி, பாதி சேறு போன்ற நிறம் வருவது அதனால்தான். நீங்கள் இன்னும் நைசாக அரைத்தாலும், இன்னும் அதிகம் போட்டாலும் இது மாறாது. மீதமுள்ள தூளை வீணாக்க வேண்டாம். மரத்தின் துளைகளை அடைக்கும் அடிப்பூச்சில் நிரப்புப் பொருளாகச் சேர்த்துக்கொள்ளலாம், அந்த வேலைக்கு அது நன்றாகவே பொருந்தும்.

அப்படியானால் வேண்டியது என்ன? வார்னிஷைவிட ஒளிவிலகல் எண் நன்றாக அதிகமாக உள்ள, ஒளி ஊடுருவக்கூடிய, தட்டையான, மிக மெல்லிய தகடுகள். அவை பூச்சுக்குள் பரப்புக்கு இணையாகப் படுத்திருக்க வேண்டும், ஒன்றின் மேல் ஒன்றாகப் பல ஆழங்களில் இருக்க வேண்டும். இத்தனையும் சேர்ந்தால் சிப்பி செய்ததன் சுமாரான நகல் கிடைக்கும்.

இதை மனிதர்கள் முதலில் கண்டுபிடித்தது மீனிடமிருந்து. 17ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஜெபமாலை செய்துவந்த ஜாக்கன் என்பவர், ஒரு சிறிய ஆற்று மீனின் செதில்களைக் கழுவிய தண்ணீரில் வெள்ளிபோல் மின்னும் துகள்கள் இருப்பதைக் கவனித்தார். அந்தத் துகள்களைச் சேர்த்து உள்ளீடற்ற கண்ணாடி மணிகளுக்குள் பூசி, பிறகு மெழுகால் நிரப்பினார்கள். நீண்ட காலம் செயற்கை முத்து என்றால் அதுதான். அந்தத் துகள் குவானின் என்ற பொருளின் படிகத் தகடுகள். நம் மரபணுவில் இருக்கும் நான்கு எழுத்துகளில் ஒன்றான அதே குவானின். அதன் ஒளிவிலகல் எண் 1.8க்கு மேல். தகடு மெல்லியது, நெகிழ்வானது, அதனால் மினுமினுப்பு மென்மையாக இருக்கும். என் கண்ணுக்கு இன்றுவரை முத்தின் ஒளிக்கு மிக நெருங்கி வருவது இதுதான். ஆனால் விலையும் அதிகம், எளிதில் கிடைப்பதுமில்லை.

அதன் பிறகு ரசாயன மாற்றுகள் வந்தன. தகடு வடிவில் படியவைத்த கார ஈயக் கார்பனேட் அழகாக மின்னும், ஆனால் ஈயம் நஞ்சு. பழைய செயற்கை முத்துகளிலும் பொத்தான்களிலும் அது இருக்க வாய்ப்புண்டு, அவற்றைச் சுரண்டாதீர்கள். பிஸ்மத் ஆக்சிகுளோரைடு அடுத்தது. எண் சுமார் 2.15, பட்டுபோல வழுவழுப்பான பளபளப்பு. அழகு சாதனங்களில் இன்றும் உண்டு. வெளிச்சத்தில் நாளடைவில் சாம்பல் நிறத்துக்கு மாறும் குணம் இருப்பதால், வெயில் படும் பொருளுக்கு வேண்டாம்.

இன்று நீங்கள் வாங்கக்கூடிய முத்துத்தூள் பெரும்பாலும் மைக்கா, அதாவது அப்பிரகம். அப்பிரகத் தகட்டின் மேல் டைட்டானியம் டை ஆக்சைடை மெல்லிய படலமாக ஏற்றியிருப்பார்கள். 1960களில் இது வணிகத்துக்கு வந்தது. இதன் சூட்சுமம் முழுவதும் அந்தப் படலத்தின் தடிமனில் இருக்கிறது. சுமார் 40 முதல் 60 நானோமீட்டர் வரை இருந்தால் வெள்ளி வெண்மை. அதற்கு மேல் தடிமன் கூடக்கூட பொன்மஞ்சள், சிவப்பு, நீலம், பச்சை என்று வரிசையாக மாறும். எந்தச் சாயமும் சேர்க்காமல், இரண்டே பொருளை வைத்து இத்தனை நிறம். டைட்டானியம் டை ஆக்சைடின் எண் 2.5க்கு மேல் இருப்பதால், ரெசினுக்குள் மூழ்கினாலும் ஒரு எல்லையில் ஆறேழு சதவீத ஒளி திரும்பும். சிப்பித்தூளோடு ஒப்பிட்டால் இது பல மடங்கு. செம்பு, வெண்கலம் போன்ற நிறங்களுக்கு இரும்பு ஆக்சைடு ஏற்றிய மைக்காவைப் பயன்படுத்துகிறார்கள்.

வாங்கும்போது நிறத்தைவிட முக்கியமாகத் துகள் அளவைப் பாருங்கள். முத்துப் பூச்சு தவறிப்போவதற்கு அதிகமாக நான் பார்க்கும் காரணம் இதுதான். 5 முதல் 25 மைக்ரான் அளவுள்ள நைஸ் ரகம் பட்டுபோல மென்மையாக இருக்கும், அடிநிறத்தையும் ஓரளவு மறைக்கும். 10 முதல் 60 வரை உள்ளது பொதுவான முத்து ரகம். அதற்கு மேலே போகப்போகத் துகள் தனித்தனியாகக் கண்ணில் படும், ஜிகினா போல ஆகிவிடும். சிறிய மணிக்கு நைஸ் ரகம்தான். உண்மையான முத்தில் எந்தப் புள்ளியும் தனியாக மின்னுவதில்லை, ஒளி பரப்பு முழுவதும் வழிந்து செல்கிறது.

சரி, மணிக்கு வருவோம். நான் செய்யும் வரிசை இது. முதலில் மரத்தை வழுவழுப்பாக்கி, துளைகளை அடைத்து, இளம் கிரீம் நிறத்தில் மறைக்கும் பூச்சு ஒன்று கொடுத்து, அதையும் நைஸ் உப்புத்தாளால் நீர் தொட்டுத் தேய்க்கிறேன். அடித்தளத்தில் உள்ள ஒவ்வொரு மேடு பள்ளமும் முத்துப் பூச்சில் இரண்டு மடங்காகத் தெரியும், அதனால் பொறுமையெல்லாம் இங்கே செலவாகட்டும். பிறகு நீரில் கரையும் நிறமில்லாத அக்ரிலிக் வார்னிஷில், நூறு பங்குக்கு மூன்று முதல் ஐந்து பங்கு எடை நைஸ் வெள்ளி ரகத்தைக் கலந்து, மிக மெல்லிய பூச்சுகளாக ஏற்றுகிறேன். ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது. இரண்டு முத்துப் பூச்சுக்கு ஒரு வெறும் வார்னிஷ் பூச்சு என்று மாற்றி மாற்றிப் போனால் ஆழம் கூடும். சிப்பி செய்வதும் இதைத்தான், பலகை, சவ்வு, பலகை. கடைசி முத்துப் பூச்சில் இளஞ்சிவப்போ பச்சையோ தரும் குறுக்கீட்டு ரகத்தைச் சிட்டிகை அளவு சேர்த்தால், திருப்பும்போது மட்டும் ஒரு சாயல் ஓடும். அதிகமானால் உடனே செயற்கையாகத் தெரிந்துவிடும், இந்த ஒரு இடத்தில் கஞ்சத்தனம் நல்லது. எல்லாவற்றுக்கும் மேல் பளபளப்பான நிறமில்லாப் பூச்சு இரண்டு மூன்று.

ஏன் நீர் வார்னிஷ், ஏன் மெல்லிசாக என்று கேட்டால், தகடுகள் படுக்க வேண்டும். நீர் ஆவியாகும்போது பூச்சு பல மடங்கு மெலிகிறது. மேலிருந்து கீழே சுருங்கும் அந்த அழுத்தத்தில், சாய்ந்து கிடந்த தகடுகள் படுக்கைவசமாகின்றன. இரண்டு பாகம் கலக்கும் எப்பாக்ஸி ரெசினில் ஆவியாக எதுவும் இல்லை, அது ஊற்றிய தடிமனிலேயே இறுகிவிடும். தகடுகள் கடைசியாக ஓட்டம் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கமே உறைந்து நிற்கும். ரெசினில் முத்துத்தூள் போட்டால் புகை சுழல்வது போன்ற கோலங்கள் வருவது இதனால்தான். கோலம் வேண்டுமென்றால் ரெசின் அருமையான ஊடகம். சீரான முத்து ஒளி வேண்டுமென்றால் ரெசினை மேல்பூச்சாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பாலிமர் களிமண்ணில், அதாவது சூடாக்கினால் இறுகும் பிளாஸ்டிக் களிமண்ணில், வேலை செய்கிறவர்கள் இதே தத்துவத்தை வேறு திசையில் கொண்டுபோயிருக்கிறார்கள், எனக்கு மிகவும் பிடித்த உத்தி அது. மைக்கா கலந்த களிமண்ணை மடித்து மடித்து உருளையில் விட்டு எடுத்தால் தகடுகள் எல்லாம் தாளின் பரப்புக்கு இணையாகிவிடும். பரப்பு மின்னும், வெட்டிய விளிம்பு கருத்திருக்கும். அதில் அச்சு ஒன்றை ஆழமாக அழுத்தினால், அழுத்திய இடங்களில் தகடுகள் சாய்கின்றன. மேடாக நிற்பதைக் கத்தியால் சீவி, மறுபடி உருட்டிச் சமமாக்கிவிட்டால், தொட்டால் மழமழவென்று இருக்கும் பரப்பில் கண்ணுக்கு மட்டும் புடைப்பாக ஒரு உருவம் தெரியும். ஒரே நிறம், ஒரே பொருள், மாறியது தகடுகளின் சாய்வு மட்டும். முத்து ஒளியைப் பற்றி எத்தனை பக்கம் படித்தாலும், இதை ஒருமுறை கையால் செய்தால் கிடைக்கும் தெளிவு வேறு.

அடிநிறத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தகட்டில் திரும்பாத ஒளி உள்ளே போகிறதல்லவா, அதற்கு என்ன ஆகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அடியில் கறுப்பு இருந்தால் அது விழுங்கப்படும், திரும்பிய நிறம் மட்டும் தனித்து ஜொலிக்கும். வெள்ளை இருந்தால் உள்ளே போன ஒளியும் திரும்பி வந்து கலந்து, நிறத்தை மங்கவைக்கும். குறுக்கீட்டு நீலத்தைக் கறுப்பின் மேல் பூசினால் அடர்நீலம், வெள்ளையின் மேல் பூசினால் நேராகப் பார்க்கும்போது கிட்டத்தட்ட ஒன்றுமே தெரியாது. வெண்முத்து வேண்டுமென்றால் வெளிர் அடி, கருமுத்து வேண்டுமென்றால் கரும்பச்சையோ கரும்பழுப்போ அடியில். முத்துப் பூச்சுக்குள்ளேயே வெள்ளைப் பெயிண்டைக் கலப்பது மட்டும் கூடாது. அது ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடித்து, தகடுகள் செய்த வேலையை மூடிவிடும்.

உண்மையான சிப்பியையே பயன்படுத்த வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு இருப்பது கேள்வியிலேயே தெரிகிறது. அதற்கும் வழி உண்டு, அரைக்காமல் வெட்டுங்கள். ஜப்பானில் ராதென் என்றும் கொரியாவில் நாஜொன்சில்கி என்றும் அழைக்கப்படும் கலைகளில், சிப்பியின் உட்படலத்தை மெல்லிய தகடுகளாகச் சீவி, உருவமாக வெட்டி, அரக்குப் பூச்சில் பதிக்கிறார்கள். பெரும்பாலும் கறுப்பு அரக்கு. காரணம் மேலே சொன்னதுதான். படலம் தேய்த்த பிறகும் அடுக்கு அப்படியே இருப்பதால் ஒளி குறைவதில்லை.

பூச்சு முடிந்த பிறகு செய்யும் காரியங்களிலும் கவனம் வேண்டும். முத்துப் படலத்தை நேரடியாக உப்புத்தாளால் தேய்த்தால் தகடுகள் கிழிந்து சாம்பல் திட்டுகள் வரும். மேலே போதுமான நிறமில்லாப் பூச்சு சேர்ந்த பிறகே தேய்க்க வேண்டும். மேட் வார்னிஷ் போடாதீர்கள், மேற்பரப்பே ஒளியைக் கலைத்துவிட்டால் உள்ளே எவ்வளவு ஒழுங்கு இருந்தும் தெரியாது. தூளைக் கலக்கும்போது உரலிலோ மிக்ஸியிலோ போடக் கூடாது, தகடு உடைந்தால் பளபளப்பும் போயிற்று. குச்சியால் மெதுவாகக் கிளறினால் போதும்.

உண்மையான முத்தோடு இந்தப் பூச்சுகளைச் சேர்த்து நகை செய்வதானால், இரண்டுக்கும் எதிரிகள் வேறு என்பதை மனதில் வையுங்கள். முத்துக்கு அமிலம் ஆகாது. வினிகரில் போட்டால் கால்சியம் கார்பனேட் கரைந்து கார்பன் டை ஆக்சைடு குமிழ்களாக வெளியேறும், கடைசியில் புரதச் சவ்வுதான் மிஞ்சும். கிளியோபாட்ரா முத்தை வினிகரில் கரைத்துக் குடித்தாள் என்று பழைய ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். அது நடந்ததா என்பது வரலாற்று ஆசிரியர்கள் பேச வேண்டியது. வேதியியலைக் கேட்டால், கரையும், ஆனால் முழு முத்து விருந்து முடிவதற்குள் கரைந்துவிடாது, நொறுக்கிப் போட்டால் வேகம் கூடும். வியர்வையும் வாசனைத் திரவியமும் அதே பாதிப்பை மெதுவாகச் செய்யும். பூச்சு மணிக்கு அமிலம் அவ்வளவு பிரச்சினை இல்லை, அசிட்டோன் போன்ற கரைப்பான்தான் ஆபத்து. நகப்பூச்சு நீக்கும் திரவத்தை அருகில் கொண்டுவராதீர்கள்.

கடைசியாக, சிப்பியை மறுபடி அரைக்கவோ வெட்டவோ நேர்ந்தால் எப்போதும் நீர் விட்டே செய்யுங்கள், மூச்சு மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். சிப்பித் தூசியும் மைக்காத் தூசியும் நுரையீரலுக்கு நல்லதல்ல. நீங்கள் வைத்திருக்கும் வார்னிஷ் எந்த வகை என்று கேள்வியில் சொல்லவில்லை. எண்ணெய் சார்ந்ததாக இருந்தால் நாளடைவில் மஞ்சளாகும், வெண்முத்து நிறம் தந்தநிறமாக மாறிவிடும். டப்பாவில் எழுதியிருப்பதை அப்படியே இங்கே எழுதினால், அதிலேயே வேலை செய்ய முடியுமா, மாற்ற வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறேன். அதற்குள் மணியில் கைவைக்காமல், பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாக உள்ள ஒரு அட்டையில் ஒரு பூச்சு, இரண்டு பூச்சு, மூன்று பூச்சு என்று பட்டை பட்டையாகப் பூசிக் காயவைத்துப் பாருங்கள்.